டெஸ்டோஸ்டிரோன் குறைவு: ஊசி போடுவதற்கு முன்னால்

முழு உடல் பரிசோதனைப் பட்டியல்களில் இப்போது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் இடம்பிடித்துவிட்டது. சுகரும் கொலஸ்ட்ராலும் பார்க்கப் போனவர் கையில் கேட்காமலேயே அந்த எண்ணும் வந்துவிடுகிறது. பக்கத்தில் ‘குறைவு’ என்று தடித்த எழுத்தில் இருந்தால் அவ்வளவுதான், அன்றைக்குத் தூக்கம் போச்சு. மறுநாள் இணையத்தில் தேடல், அப்புறம் ஜிம் நண்பரிடம் ஆலோசனை, அடுத்த வாரம் ஊசி. ஊசி தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதற்கு முன்னால் நடக்க வேண்டியவை சில இருக்கின்றன. வரிசையை மாற்றிச் செய்தால் திருத்த மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும்.

உடம்பு இதை எப்படி நடத்துகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். வந்து தூண்டினால் விதைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். அந்த டெஸ்டோஸ்டிரோனும் எஃப்.எஸ்.எச்.சும் சேர்ந்து விந்தணு உற்பத்தியைப் பார்த்துக்கொள்ளும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமானதும், மாடித் தொட்டி நிரம்பியவுடன் மோட்டாரை நிறுத்தும் சென்சர் மாதிரி, பிட்யூட்டரி தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும், பின்னால் வருகிற பலதும் தானாகப் புரியும்.

அறிகுறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

சோர்வு, எரிச்சல், தொப்பை, தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமல் போவது. டெஸ்டோஸ்டிரோன் குறைவின் அறிகுறிகளாக விளம்பரங்கள் சொல்வது இவற்றைத்தான். இவை வராத நாற்பது வயதுக்காரரைக் காட்டுங்கள் பார்ப்போம். வேலை நெருக்கடி, ரத்த சோகை, தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு கூடிய தூக்க மூச்சுத்திணறல் என்று எதனாலும் இவை வரலாம்.

இந்தக் குறைவை நேராகச் சுட்டுகிற அறிகுறிகள் வேறு. தாம்பத்திய நாட்டம் குறைவது, விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு அரிதாகிப்போவது, உறவின்போது விறைப்பு நிலைக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் அதில் முக்கியம். இவற்றோடு தாடி, அக்குள் முடி குறைந்து சவரம் செய்யும் இடைவெளி நீள்வது, மார்பு பெண்களுக்குப் போலத் திரள்வது, விதைகள் சிறுத்துப்போவது, குழந்தையின்மை, சின்ன அடியிலேயே எலும்பு முறிவது ஆகியவையும் சேரும். பதின்ம வயதில் குரல் உடையாமல், மீசை அரும்பாமல் போனவர்கள், அதிலும் சிறு வயதிலிருந்தே வாசனை தெரியாதவர்கள், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது பிறவிக் குறைபாடாக இருக்கலாம்.

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2010ல் வெளிவந்தன. மேலே சொன்ன மூன்று பாலியல் அறிகுறிகளும் ரத்தத்தில் குறைவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டபோது, வயது காரணமான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று சொல்லத்தக்கவர்கள் சுமார் 2 சதவீதம்தான். விளம்பரங்களைப் பார்த்தால் பாதிப் பேருக்கு இருப்பது போலத் தோன்றும்.

விறைப்புப் பிரச்சினை மட்டும் தனியாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் காரணமில்லை. சுகர் உள்ளவர்களுக்கு ரத்தக்குழாயும் நரம்பும்தான் வழக்கமான காரணம். சில பிரஷர் மாத்திரைகளாலும் வரும். ஆண்குறியின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். ஐம்பது வயதில் புதிதாக இந்தப் பிரச்சினை வந்தவர் இதயத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ரத்தம் கொடுக்கும் முறை

தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இதுதான். டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். இளைஞர்களிடம் இந்த இறக்கம் இன்னும் அதிகம். சாப்பிட்டாலும் இறங்கும். ஆகவே வெறும் வயிற்றில், காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையே ரத்தம் கொடுக்க வேண்டும். அலுவலகம் முடிந்து வரும் வழியில், டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு மாலை 6 மணிக்குக் கொடுத்த ரத்தத்தில் வந்த ‘குறைவு’க்கு அர்த்தம் எதுவும் இல்லை. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லி, தூங்கி எழுந்த சிறிது நேரத்துக்குள் கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து என்று உடம்பு அடிபட்டிருக்கும் நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே இறங்கும். டெங்கு வந்து எழுந்த வாரத்தில் பார்க்காதீர்கள், முழுதாகத் தேறிய பிறகு பாருங்கள். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். சில வகைக் கருவிகளில் பயோட்டின் குறுக்கிட்டு எண்ணை உண்மைக்கு மேலே காட்டிவிடும்.

ஒருமுறை குறைவாக வந்தால் அதோடு முடிந்துவிடவில்லை. இன்னொரு நாள் காலையில், முடிந்தவரை அதே லேபில், மறுபடியும் பார்க்க வேண்டும். முதல் முறை குறைவாக வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு அடுத்த முறை சாதாரண அளவே வருகிறது. இரண்டு முறையும் குறைவு, அதோடு அறிகுறியும் இருக்கிறது என்றால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒரே அறிக்கையைப் பார்த்து ஊசி எழுதிக் கொடுப்பவரிடம் இரண்டாவது பரிசோதனை கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எண்ணை வாசிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தரும், சில மில்லிலிட்டருக்கு இத்தனை என்று தரும். முன்னதில் 300 என்பது பின்னதில் 3. லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று கொடுத்தால் அதுவே சுமார் 10.4. ‘எனக்கு 4.5தான் இருக்கிறது, மற்றவர்களுக்கு 500 இருக்கிறதாமே’ என்று கலங்குகிறவர்கள் உண்டு. அந்த 4.5 மில்லிலிட்டர் கணக்கு. அதாவது 450, நல்ல அளவுதான்.

எல்லைக்கோடு எங்கே என்பதில் மருத்துவ அமைப்புகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்கிறது. பருமன் இல்லாத 19 முதல் 39 வயது வரையிலான அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களை வைத்து வகுத்த அளவு 264 முதல் 916 வரை. ஐரோப்பியர்கள் பலர் 8 நானோமோலுக்கு, அதாவது சுமார் 230க்குக் கீழே இருந்தால் தெளிவான குறைவு என்றும், 12 நானோமோலுக்கு, அதாவது சுமார் 346க்கு மேலே இருந்தால் குறைவில்லை என்றும், நடுவில் இருப்பதைச் சாம்பல் பகுதி என்றும் வைத்துக்கொள்கிறார்கள். 290 வந்தவர் நோயாளி, 310 வந்தவர் ஆரோக்கியமானவர் என்று பிரிக்க முடியாது.

சாம்பல் பகுதியில் இருப்பவர்களுக்கும், பருமனோ சுகரோ உள்ளவர்களுக்கும் இன்னொரு கணக்கு தேவை. ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி., அல்புமின் என்ற புரதங்களோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. எதிலும் ஒட்டாமல் சுதந்திரமாக இருப்பது 2 சதவீதம் அளவுதான். உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைக்கும். அப்போது மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் ஒட்டாத பகுதி போதுமானதாக இருக்கலாம். முதுமையிலும் கல்லீரல் நோயிலும் இதற்கு நேர்மாறாக நடக்கும், மொத்த அளவு நன்றாகத் தெரியும், உள்ளே பற்றாக்குறை இருக்கும். எனவே எஸ்.எச்.பி.ஜி.யும் அல்புமினும் பார்த்து, அதிலிருந்து ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிடச் சொல்லுங்கள். சில லேப்கள் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனை நேரடியாக அளந்து தருவதாகச் சொல்லும். அதில் சாதாரணக் கருவிகளில் வருகிற எண்ணை நம்ப முடியாது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது

குறைவு உறுதியானதும் அடுத்துப் பார்க்க வேண்டியவை எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும். இதைச் செய்யாமல் சிகிச்சை தொடங்கிவிட்டால் பிறகு பார்த்தும் பயனில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனவுடன் இரண்டும் அடங்கிவிடும், காரணத்தின் தடயமும் அதோடு மறைந்துவிடும்.

இவை உயர்ந்திருந்தால் பிட்யூட்டரி தூண்டிக்கொண்டே இருக்கிறது, விதைகளால்தான் முடியவில்லை என்று பொருள். வயதுக்கு வந்த பிறகு வந்த பொன்னுக்குவீங்கி விதைகளைத் தாக்கியிருக்கலாம். பிறக்கும்போது விதை இறங்காமல் இருந்திருக்கலாம். அடிபட்டிருக்கலாம், புற்றுநோய் சிகிச்சை எடுத்திருக்கலாம். விதைகள் மிகச் சிறியதாக இருந்தால் குரோமோசோம் பரிசோதனை வேண்டும். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை, 500 முதல் 1000 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்குக் குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும்போதுதான் இது தெரியவருகிறது. சிலருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை.

எல்.எச்., எஃப்.எஸ்.எச். குறைவாகவோ, டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு இறங்கியும் ‘சாதாரண’ அளவிலேயோ இருந்தால் கோளாறு மேலே, பிட்யூட்டரிப் பக்கம் இருக்கிறது. நம் ஊரில் இந்த வகைதான் அதிகம் தென்படும். அதில் பாதிக்கு மேல் விடை மருந்துப் பெட்டியிலும் இடுப்புச் சுற்றளவிலும் இருக்கும் என்பது என் கருத்து.

மருந்துப் பெட்டியை முதலில் திறக்கலாம். கேஸ் தொல்லைக்கு மாதக்கணக்கில் சாப்பிடுகிற மாத்திரையில் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இரண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்தும், புரோலாக்டின் ஏறினால் எல்.எச். அடங்கி டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், நாட்டமும் போகும். ரிஸ்பெரிடோன் போன்ற சில மனநல மருந்துகளும் இப்படிச் செய்யும் (அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள்). வலிக்காகத் தொடர்ந்து எடுக்கும் டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை மாத்திரைகள், நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரைகள், ஜிம்மில் உடம்பேற்றப் போட்டுக்கொண்ட ஊசிகள் எல்லாம் இதே பட்டியலில் வரும். ஜிம் ஊசி விஷயத்தை மருத்துவரிடம் மறைப்பவர்கள் அதிகம். மறைத்தால் தேவையில்லாத ஸ்கேன்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.

எனவே புரோலாக்டினையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். உடலில் இரும்பு அதிகம் சேரும் நோய் பிட்யூட்டரியைப் பாதிக்கும் என்பதால் ஃபெரிட்டினும் பார்ப்பார்கள். புரோலாக்டின் மிக அதிகமாக இருந்தாலோ, டெஸ்டோஸ்டிரோன் 150க்கும் கீழே இறங்கியிருந்தாலோ, தொடர் தலைவலியோடு பார்வையின் ஓரங்கள் மங்கினாலோ பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அங்கே கட்டி இருக்கலாம். புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். பலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் தானாக ஏறிவிடும். கட்டியைக் கண்டுபிடிக்காமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் பார்க்க வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி நிபுணர், அதாவது என்டோகிரைனாலஜிஸ்ட். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. விந்தணுப் பிரச்சினையும் இருந்தால் ஆண்ட்ராலஜி, அதாவது ஆண்களின் இனப்பெருக்கப் பிரச்சினைகள் பார்க்கும் சிறுநீரகவியல் மருத்துவர் சரியானவர்.

லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து அறை எடுத்து, ‘ஆண்மைக் குறைவுக்கு 100% தீர்வு’ என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலியல் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை மீறித்தான் விளம்பரமே வருகிறது என்றால் பொடியில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மூலிகை என்ற பெயரில் விற்ற பொருட்களில் வயாக்ராவின் மருந்தான சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் பிரஷர் சரிந்து உயிருக்கே ஆபத்து.

எடையும் தூக்கமும்

பருமனும் சுகரும் உள்ளவர்களுக்கு எடை குறையக் குறைய டெஸ்டோஸ்டிரோன் ஏறும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வித்தியாசம் தெரியும். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் ஏற்றம் இன்னும் அதிகம். தூக்கமும் முக்கியம். ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடியையும் குறைக்க வேண்டும், அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அளவு மிகவும் கீழே இல்லாதவர்கள், வேறு நோய் எதுவும் இல்லை என்று உறுதியானபின், இதை ஆறு மாதம் முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

குழந்தை வேண்டுமா?

சிகிச்சை தொடங்கும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. மருத்துவர் கேட்க மறந்தால் நீங்கள் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ விந்தணுவைக் கூட்டாது, குறைக்கும். வெளியிலிருந்து வருவதைப் பார்த்துப் பிட்யூட்டரி அடங்கிவிட, விதைக்குள் நடக்கும் உற்பத்தி நின்றுபோகும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்தது. 1990ல் வெளியான அந்த ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும்.

கல்யாணமாகிக் குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒருவர், ‘ஆண்மை கூட’ என்று ஊசி போட்டுக்கொள்வது இதனால்தான் பெரிய கொடுமை. கோளாறு பிட்யூட்டரிப் பக்கம் என்றால் அவருக்கு வேறு வழி இருக்கிறது. எச்.சி.ஜி. ஊசி எல்.எச். போலவே விதையைத் தூண்டி அதன் சொந்த டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியையும் சேர்ப்பார்கள். குளோமிஃபீன் மாத்திரையும் கொடுப்பது உண்டு. அது அதிகாரபூர்வமாக ஆண்களுக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து அல்ல, ஆனாலும் நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள்.

மருந்து எந்த வடிவில்

டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி, சஸ்டனான் போன்ற கலவை ஊசி ஆகியவை இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. விலை குறைவு, எளிதாகக் கிடைக்கும். போட்ட சில நாட்கள் துள்ளலாக இருந்து, அடுத்த ஊசி நெருங்கும்போது சுருண்டுவிடுவதுதான் இதில் குறை. அளவைப் பிரித்து வாரம் ஒருமுறை போட்டால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். சஸ்டனானில் வேர்க்கடலை எண்ணெய் இருக்கிறது, கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோனின் இன்னொரு வடிவமான அன்டெகனோயேட் 1000 மில்லிகிராம் ஊசி, முதல் இரண்டுக்கு நடுவே 6 வாரம், அப்புறம் 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை. அளவு சீராக இருக்கும், விலை கூடுதல். இதைப் புட்டத்தில் ஆழமாக, மெதுவாகப் போட வேண்டும். அவசரமாகப் போட்டால் எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம். அதனால் போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள்.

ஜெல் தினமும் காலையில் தோளிலும் மேல்கையிலும் தடவ வேண்டியது. உலர்ந்தபின் சட்டை போட்டு மூடுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிய குழந்தைகளுக்கு வயதுக்கு முந்திய பருவ வளர்ச்சி தெரிந்ததால்தான் 2009ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜெல் பெட்டியில் கடும் எச்சரிக்கை போட வைத்தது.

அன்டெகனோயேட் மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் ஏறாது. மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் என்ற பழைய மாத்திரையை யாராவது எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது கல்லீரலைக் கெடுக்கும்.

யாருக்குக் கூடாது, என்ன கவனிக்க வேண்டும்

புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 4க்கு மேல் இருந்து இன்னும் காரணம் தெரியாதவர்கள், ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருப்பவர்கள், கட்டுப்பாடில்லாத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கடுமையான தூக்க மூச்சுத்திணறலுக்குச் சிகிச்சை எடுக்காதவர்கள் ஆகியோருக்கு இது இப்போதைக்குக் கூடாது.

இதயத்துக்கு ஆபத்தா என்ற கேள்வி பல வருடம் இழுத்தது. இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,200 பேரை வைத்து நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023ல் வெளிவந்தது. ஜெல் தடவியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்று அதிகமாக வந்தன. நிஜமான குறைவு உள்ளவர் மாரடைப்பு பற்றிய அச்சமின்றி எடுக்கலாம், ஆசைக்காக எடுக்க இது டானிக் அல்ல.

சிகிச்சையில் மிக அடிக்கடி வரும் சிக்கல் ரத்தம் கெட்டியாவது. தொடங்கும் முன், அப்புறம் மூன்று முதல் ஆறு மாதத்தில், பிறகு வருடம் ஒருமுறை ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்தி, இறங்கியபின் குறைந்த அளவில் மறுபடி தொடங்குவார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பி.எஸ்.ஏ.யும் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் அது தொடங்கும்போது இருந்ததைவிட 1.4க்கு மேல் கூடினால் சிறுநீரகவியல் மருத்துவரிடம் போக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அளவையும் மூன்று மாதத்தில் பார்ப்பார்கள். எனந்தேட் ஊசி என்றால் இரண்டு ஊசிக்கு நடுவில், அன்டெகனோயேட் என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால். ஊசி போட்ட தேதியை எழுதி வைக்காமல் லேபுக்குப் போனால் அந்த எண்ணை யாராலும் வாசிக்க முடியாது.

நாட்டம் மூன்று முதல் ஆறு வாரத்தில் திரும்பத் தொடங்கும். விறைப்புக்கு ஆறு மாதம் வரை ஆகலாம். தசைக்கு மூன்று நான்கு மாதம், எலும்புக்கு வருடங்கள். சோர்வு விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 65 வயதைத் தாண்டிய 790 ஆண்களிடம் நடந்து 2016ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் பாலியல் நாட்டம் ஓரளவு கூடியது, உடல் தெம்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அளவு நன்றாக ஏறியும் ஆறு மாதத்தில் எந்த அறிகுறியும் மாறவில்லை என்றால் அறிகுறிக்குக் காரணம் வேறு, மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிட்டு அதைத் தேடலாம். நிறுத்திய சில வாரங்கள் உடம்பு சொந்தமாகச் சுரக்கத் தொடங்கும்வரை முன்பைவிடச் சோர்வாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து உடனே மறுபடி ஊசிக்கு ஓட வேண்டாம்.